ஃபைல் எந்த மேஜையில் கிடந்தது?

எங்கள் மாவட்டத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தைப் பற்றியோ பள்ளி விடுதியைப் பற்றியோ கெட்ட சேதி வந்தால் டீக்கடையில் முதலில் விழும் கேள்வி இது: "அது யாருக்க ஹோமாக்கும்?" சி.எஸ்.ஐ.யா, ஆர்.சி.யா, பெந்தெகோஸ்தேயா, ஆசிரமமா, எவனோ தொடங்கிய டிரஸ்டா என்று தெரிந்த பிறகுதான் கோபப்படுவதா, சமாதானம் சொல்வதா என்று அவரவர் முடிவெடுப்பார்கள். நம்ம கூட்டத்து ஹோம் என்றால் "வேணும்னே கிளப்பி விடுகானுவ". அடுத்த கூட்டத்து ஹோம் என்றால் "எனக்கு அப்பமே தெரியும்". பிள்ளைக்கு என்ன வயசு, இப்போது எங்கே இருக்கிறது, ஏதாவது சாப்பிட்டதா என்று கேட்பவர்களைப் பெரும்பாலும் பெண்களிடையேதான் பார்த்திருக்கிறேன். அவர்கள் டீக்கடைக்கு வருவதில்லை.

கன்னியாகுமரியின் கணக்கு அப்படி. 2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 91 சதவீதத்துக்கு மேல். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 1982-இல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட மண்டைக்காடு கலவரத்துக்குப் பின் பிறந்த பையனுக்குக்கூட அந்த வருஷம் மனப்பாடம். இங்கே எது நடந்தாலும், ஒரு பிள்ளையின் மீது நடந்த கொடுமையே ஆனாலும், கடைசியில் அந்தப் பழைய பேரேட்டில்தான் வரவாகவோ செலவாகவோ ஏறும்.

இதைப் பற்றி நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் பக்கத்து வீட்டுப் பெண். நர்சிங் முடித்து அயர்லாந்துக்குப் போனவள். நம்மூர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் இப்போது அங்கேதானே. ஒருநாள் வாட்ஸப்பில் பேசும்போது சொன்னாள்: "அண்ணே, ஞாயித்துக்கிழமை மறைக்கல்வி எடுக்கணும்னாலும் இங்க போலீஸ் வெரிஃபிகேஷன் கேக்காவ. பொறந்ததில இருந்து எந்தெந்த வீட்டுல இருந்தேன்னு எல்லா அட்ரஸும் எழுதிக் குடுக்கணும். நம்ம ஊர்ல ஃபாதர் 'நாளைக்கு வந்திரு மக்களே'ன்னு சொன்னாரு, அவ்வளவுதான்." அவள் சொன்னது குறையாக அல்ல, ஆச்சரியமாக. அயர்லாந்து கத்தோலிக்கர்கள் நம்மை விடப் பக்தி குறைந்தவர்களோ என்றுதான் அவள் முதலில் நினைத்தாளாம். ஒரு காலத்தில் நம்மை விடப் பத்து மடங்கு பக்தியோடு இருந்தவர்கள்தான். அந்தப் பக்தியின் மறைவில் நடந்தவை வெளியே வந்த பிறகுதான் அங்கே இந்தப் படிவங்கள் வந்தன.

அந்த நாட்டில் 1994-இல் ஓர் ஆட்சியே இதனால் கவிழ்ந்தது. பிரெண்டன் ஸ்மித் என்ற பாதிரியார். பல பத்தாண்டுகளாக, ஊர் ஊராக, சபை மாற்றி அனுப்பிய இடத்திலெல்லாம் குழந்தைகளைச் சீரழித்தவர். பிரிட்டனின் ஆட்சிக்குக் கீழிருக்கும் வட அயர்லாந்தின் போலீஸ் 1993-இல் அவரை ஒப்படைக்கச் சொல்லி, அயர்லாந்துத் தலைநகர் டப்ளினுக்கு வாரண்ட் அனுப்பியது. அந்தக் காகிதம் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் ஏழு மாதம் அசையாமல் கிடந்தது. கடைசியில் ஸ்மித் தானே எல்லை தாண்டிப் போய்ச் சரணடைந்தார். மறு வருஷம் ஒரு தொலைக்காட்சி இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது. சரியாக அந்த நேரம் பார்த்துப் பிரதமர் ஆல்பர்ட் ரேனால்ட்ஸ், அந்த அட்டர்னி ஜெனரல் ஹாரி வீலஹனையே உயர் நீதிமன்றத் தலைவராக நியமித்தார். கூட்டணியிலிருந்த தொழிற்கட்சி வெளியேறியது. நவம்பர் 17 அன்று ரேனால்ட்ஸ் ராஜினாமா. வீலஹனும் புதுப் பதவியை விட்டு இறங்கினார்.

ரேனால்ட்ஸ் குழந்தைகளைத் தொட்டவர் இல்லை. ஸ்மித்தை அவருக்குத் தெரியும் என்றுகூட யாரும் சொல்லவில்லை. அவரைக் கவிழ்த்தது ஒரு கேள்வி: அந்த ஃபைல் ஏழு மாதம் எந்த மேஜையில் கிடந்தது, ஏன் கிடந்தது? "ஸ்மித் எந்த மறைமாவட்டத்து ஆள்" என்று அங்கேயும் சிலர் கேட்டிருப்பார்கள். ஆனால் நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வி மேஜையைப் பற்றியது.

அதே ஸ்மித்தைப் பற்றி ஒரு 14 வயதுப் பையன் 1975-இலேயே சொல்லியிருந்தான். சபை விசாரித்தது. அப்பா கூடவே போயிருந்தார். அறைக்குள் விடவில்லை, வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். உள்ளே பாதிரிமார் கேள்வி கேட்க, ஷான் பிரேடி என்ற இளம் பாதிரியார் குறிப்பெடுத்தார். பையன் தனக்கு நடந்ததை மட்டும் சொல்லவில்லை, இன்னும் எந்தெந்தப் பிள்ளைகள் மாட்டியிருக்கிறார்கள் என்று பெயர்களும் சொன்னான். முடிந்ததும் இதை யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அவன் சொன்ன பிள்ளைகளின் வீட்டுக்கு யாரும் போகவில்லை. போலீசுக்கும் போகவில்லை. ஸ்மித் அதன்பின்னும் பல வருஷம் தொடர்ந்தார். குறிப்பெடுத்தவர் பிற்பாடு கார்டினல் ஆனார். விஷயம் 2010-இல் பெரிதாக வெடித்தபோது, நான் என் ஆயரிடம் அறிக்கையைக் கொடுத்துவிட்டேன், என் வேலை அதுதான் என்றார். 2014 வரை பதவியில் இருந்தார்.

எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட அந்த அப்பாவின் நினைவுதான் வருகிறது. சபை மேல் நம்பிக்கை இல்லாதவராக இருந்திருந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருப்பார்.

பிறகு 1999-இல், இல்லங்களில் வதைபட்டு வளர்ந்தவர்களிடம் அந்த நாட்டுப் பிரதமர் பெர்ட்டி அஹெர்ன் மன்னிப்புக் கேட்டார். 2000-இல் அதை விசாரிக்கக் கமிஷன். அதன் முதல் தலைவர் நீதிபதி மேரி லாஃபாய், அரசு ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி 2003-இல் விலகினார். ஷான் ரயன் தலைமையில் அறிக்கை 2009 மே மாதம் வந்தது, ஐந்து தொகுதிகள். அரசுப் பணத்தில் துறவற சபைகள் நடத்திய, ஏழைப் பிள்ளைகளைத் தங்கவைத்த தொழிற்பள்ளிகளில் அடியும் பசியும் பாலியல் கொடுமையும் தினப்படி நடைமுறையாகவே இருந்தன, பார்வையிட வந்த கல்வித்துறை கண்டும் காணாமல் போயிற்று என்று அது எழுதியது. ஆனால் குற்றவாளிகளின் பெயர்கள் அதில் இல்லை. கிறிஸ்தவ சகோதரர்கள் சபை கோர்ட்டுக்குப் போய் அதைத் தடுத்திருந்தது. பணக் கணக்கு இன்னும் மோசம். 2002-இல், ஆட்சிக்காலம் முடிகிற கடைசி நேரத்தில், கல்வி அமைச்சர் மைக்கேல் வுட்ஸ் 18 சபைகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டுக்குச் சபைகள் 12.8 கோடி யூரோ தரும், மீதி எவ்வளவு வந்தாலும் அரசு பார்த்துக்கொள்ளும். கடைசியில் வந்த பில் 150 கோடி யூரோ. யார் கையெழுத்துப் போட்டார், யார் கட்டினார்கள் என்று அங்கே இன்றும் பேசுகிறார்கள்.

ஹங்கேரியில் இதே கதை வேறு உருவில் 2024-இல் நடந்தது. பிச்கே என்ற ஊரின் அரசுக் குழந்தைகள் இல்லம். இயக்குநர் பிள்ளைகளைச் சீரழித்தார். துணை இயக்குநர் அதைவிட நுணுக்கமான வேலை செய்தார்: வாக்குமூலம் கொடுத்த பிள்ளைகளை மிரட்டி, சொன்னதைத் திரும்பப் பெற வைத்தார். அதற்காக ஜெயிலுக்குப் போன அந்தத் துணை இயக்குநரை, 2023 ஏப்ரலில் போப்பாண்டவர் வருகையை ஒட்டிக் குடியரசுத் தலைவர் கதலின் நோவாக் மன்னித்து விட்டார். கிட்டத்தட்ட ஒரு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. 2024 பிப்ரவரி தொடக்கத்தில் செய்தி வந்தது. 10-ஆம் தேதி நோவாக் ராஜினாமா செய்தார். மன்னிப்பில் எதிர்க்கையெழுத்துப் போட்ட முன்னாள் நீதி அமைச்சர் யூதித் வார்கா அரசியலை விட்டே போனார். மன்னிப்புக்குப் பரிந்து பேசிய சீர்திருத்த சபை ஆயர் சோல்தான் பலோக், சபைத் தலைமையிலிருந்து விலகினார். நோவாக் முன்பு குடும்ப நல அமைச்சர். குடும்பம், குழந்தை, கிறிஸ்தவ விழுமியம் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர். அதனால் அடி நேராக விழுந்தது. வார்காவின் முன்னாள் கணவர் பேதர் மாஜர் அந்த அலையில் எழுந்து வந்து, ஜூன் மாத ஐரோப்பியத் தேர்தலில் கிட்டத்தட்ட 30 சதவீத ஓட்டு வாங்கினார். அதுவரை எந்த எதிர்க்கட்சிக்கும் அசையாத, அன்றைய பிரதமர் ஓர்பானின் கோட்டையில் முதல் பெரிய விரிசல் ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து வந்தது.

வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். முசாஃபர்பூர் இருக்கிறது. பீகார் அரசே டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் 'கோஷிஷ்' குழுவை அழைத்து, மாநில இல்லங்களையெல்லாம் சமூகத் தணிக்கை செய்யச் சொன்னது. 2018-இல் அறிக்கை வந்தது. அரசுப் பணத்தில் நடந்த ஒரு சிறுமியர் இல்லத்தில் நடந்தவை அதில் இருந்தன. அதை நடத்திய பிரஜேஷ் தாக்கூர் ஒரு பத்திரிகை முதலாளி, அரசு விளம்பரம் வாங்குபவர், பெரிய இடங்களில் பழக்கமுள்ளவர். ஆகஸ்டில் சமூக நலத்துறை அமைச்சர் மஞ்சு வர்மா ராஜினாமா செய்தார். காரணம் இல்லத்தில் நடந்தது அல்ல. தாக்கூரோடு அவருடைய கணவர் போனில் பேசிய விவரம் வெளியே வந்துவிட்டது. வழக்கை உச்ச நீதிமன்றம் டெல்லிக்கு மாற்ற, 2020-இல் 19 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. தாக்கூருக்கு ஆயுள். அதே வருஷம் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அதே கட்சி மஞ்சு வர்மாவுக்கு மறுபடி சீட் கொடுத்தது. தோற்றார் என்பது ஓர் ஆறுதல்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. இல்லங்கள் அனைத்தும் பதிவாக வேண்டும், சமூகத் தணிக்கை நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 மே 5 அன்று சொன்ன தீர்ப்பின் பெயரிலேயே நம் மாநில அனாதை இல்லங்கள் இருக்கின்றன. மாமல்லபுரத்து இல்லங்களைப் பற்றி 2007-இல் வந்த செய்தியில் தொடங்கிய வழக்கு. பத்து வருஷம் ஓடியது.

இனி எங்கள் ஊர். இங்கே 'போர்டிங்' என்று சொன்னால் பெரியவர்கள் முகத்தில் ஒரு மரியாதை வரும். வராமல் இருக்குமா? தெருவில் நடக்கவும் மார்பை மறைக்கவும் உரிமை இல்லாதிருந்த சாதிகளின் பெண்பிள்ளைகளுக்கு 1819-இல் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் உறைவிடப் பள்ளி தொடங்கினார். எழுத்தும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தார்கள். திருவிதாங்கூர் அரசு மேலாடை விஷயத்தில் இறங்கி வந்தது 1859-இல். இன்று வாத்தியார், நர்ஸ், வக்கீல் என்று பரவியிருக்கும் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பாட்டியோ தாத்தாவோ போர்டிங்கில் கஞ்சி குடித்துப் படித்தவர்களாக இருப்பார்கள். "நம்மள மனுசனாக்கினது அதாக்கும்" என்று சொல்கிறவரிடம் போய், சரி, இப்போது அங்கே ராத்திரி யார் காவல் என்று கேட்டால், சொந்த அம்மாவைச் சந்தேகப்பட்டது போல நம்மைப் பார்ப்பார். இங்கே பயத்தை விட நன்றிக்கடன்தான் வாயை அதிகமாகக் கட்டிப்போட்டிருக்கிறது என்பது என் கணிப்பு.

என் சித்தி மேற்குப் பக்கத்தில் ஒரு போர்டிங்கில் பல வருஷம் சமையலுக்கு இருந்தாள். எந்த ஊர், எந்தச் சபை என்று எழுதப் போவதில்லை. அங்கே கொடுமை ஒன்றும் நடந்ததாக அவள் சொன்னதில்லை. வார்டனம்மா நல்லவர் என்றுதான் சொல்வாள். ஆனால் ஆபீசர் வருகிற நாளைப் பற்றி அவள் சொல்லும் கதை எனக்குப் பிடிக்கும். இரண்டு நாள் முன்பே தகவல் வந்துவிடும். பீரோவில் இருக்கும் பூப்போட்ட பெட்ஷீட்டெல்லாம் வெளியே வரும், மரச்சீனிக் கிழங்குக்குப் பதில் சோறும் மீனும். முட்டை பாதியாக இல்லாமல் முழுசாக வைப்பாள். வந்தவர் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து டீயும் பழம்பொரியும் சாப்பிட்டுவிட்டு, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்து "எல்லாரும் நல்லா இருக்கியளா?" என்று கேட்பார். "நல்லா இருக்கோம் சார்." வார்டனம்மா பக்கத்திலேயே நிற்பார். ஜீப் கேட்டைத் தாண்டியதும் பெட்ஷீட்டை உருவி மடித்து வைக்க வேண்டும், அடுத்த தடவைக்கு.

"தனியா ஒரு பிள்ளையக் கூப்பிட்டுக் கேக்க மாட்டாரா சித்தி?"

"எதுக்கு மக்களே? நாங்க என்ன கள்ளம் செய்யோம்?"

வீட்டுக்கு எழுதும் கடிதத்தை வார்டனம்மா படித்துவிட்டுத்தான் போஸ்ட் பண்ணுவார். பிள்ளைகள் எழுத்துப்பிழையில்லாமல் எழுத வேண்டுமே என்ற அக்கறை என்று சித்தி இன்றும் சொல்கிறாள். அக்கறையாகவே இருக்கட்டும். மோசமான ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்தால் அவருக்கு வேண்டிய எல்லா வசதியும் தயாராக இருக்கிறது, அவர் புதிதாக எதையும் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. அயர்லாந்து அறிக்கையைப் படித்தபோது எனக்கு அந்நியமாகத் தெரியாத பகுதி, முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும் இன்ஸ்பெக்டர்தான்.

இந்த நாற்காலியைப் பற்றிப் பேசாமல் நாம் நாற்காலியில் இருப்பவரின் மதத்தைப் பேசுகிறோம். 2022 ஜனவரியில் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு விடுதி மாணவி இறந்தபோது பார்த்தோமே. ஒரு பக்கம் மதமாற்றம் என்றார்கள், மறுபக்கம் அவதூறு என்றார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், உச்ச நீதிமன்றம் வரை போனது. விடுதியில் தன்னை என்னென்ன வேலை செய்ய வைத்தார்கள் என்று அந்தப் பிள்ளை பேசியதைப் பற்றி எந்தக் கட்சியும் ஒரு கூட்டம் போடவில்லை. ஒரு மாணவியை விடுதிக் கணக்கு வழக்குகளில் உட்கார வைக்கலாமா என்ற கேள்வியில் யாருக்கும் ஓட்டு இல்லை.

இங்கிலாந்தின் ராதர்ஹாம் இதன் முழு நீளப் படம். 1997 முதல் 2013 வரை குறைந்தது 1,400 பிள்ளைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள் என்று 2014-இல் அலெக்சிஸ் ஜே அறிக்கை சொன்னது. குற்றவாளிகளில் பெரும்பாலோர் பாகிஸ்தான் வம்சாவளியினர் என்பதால், சொன்னால் இனவெறி என்பார்களோ என்று அலுவலர்கள் தயங்கினார்கள். அதைவிட, அந்தப் பெண்பிள்ளைகளையே கெட்டுப்போனவர்கள் என்று போலீஸ் எழுதி வைத்திருந்தது. நகராட்சித் தலைவர் விலகினார், பிறகு நிர்வாகத்தையே அரசு ஏற்றது. பத்து வருஷம் கழித்து, 2025 ஜனவரியில் எலான் மஸ்க் அதைக் கையிலெடுத்தபோது திரும்பவும் எல்லாரும் பேசினார்கள். பேச்சு முழுக்கக் குடியேற்றத்தைப் பற்றி. முதலில் சமூகத்தின் பெயரைச் சொல்லி மூடினார்கள், பிறகு அதே பெயரைச் சொல்லித் திறந்தார்கள். நடுவில், நாடு தழுவிய இன்னொரு விசாரணைக்குத் தலைமை தாங்கி 2022-இல் ஜே கொடுத்த பரிந்துரைகளில் பலதும் அப்படியே கிடந்தன.

சட்டத்தில் குறை இருக்கிறதா என்றால், எனக்குத் தெரிந்து பெரிதாக இல்லை. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம், நிறுவனத் தலைவராக இருந்து மறைத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில். 1975-இல் அந்த அறையில் குறிப்பெடுத்தவர் இன்று இங்கே இருந்திருந்தால், ஆயரிடம் அறிக்கை கொடுத்துவிட்டேன் என்பது பதிலே ஆகாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 54-ஆம் பிரிவு, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஆய்வுக் குழு ஒவ்வொரு இல்லத்துக்கும் போக வேண்டும், மூன்று பேருக்குக் குறையக்கூடாது, ஒருவர் பெண், ஒருவர் டாக்டர், ஒரு வாரத்துக்குள் அறிக்கை என்கிறது. பதிவு செய்யாமல் இல்லம் நடத்தினால் ஒரு வருஷம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். எல்லாம் எழுதியிருக்கிறது.

போன மாதம் கருங்கல் சந்தைப் பக்கம் ஒரு கட்சிக்காரத் தம்பியைப் பார்த்தேன். கட்சி எது என்று வேண்டாம், எந்தக் கட்சித் தம்பியும் இதைத்தான் சொல்லியிருப்பான். தேர்தல் வேலை எப்படி என்று தொடங்கி, உங்க ஆளு ஜெயிச்சா கலெக்டர் கூட்டத்துல இந்த 54-ஆம் பிரிவு அறிக்கையைக் கேக்கச் சொல்லு என்றேன்.

"அண்ணே, அது சபைக்க காரியம்லா. இங்க வாயத் தொறந்தா எங்க ஆளுவளே 'நீ அவனுக்க ஆளா'ன்னு கேப்பானுவ."

"எல்லா ஹோமையும் சேத்துக் கேக்கச் சொல்லுடே. ஆசிரமம், சபை, அரசாங்கம், எல்லாம்."

"அப்போ எல்லாவனும் சேந்துல்லா அடிப்பானுவ" என்று சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ரிப்போர்ட்டெல்லாம் யாருக்க கையில இருக்கும்?" என்றான். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் இருக்க வேண்டும், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்கலாம் என்றேன்.

"உங்க பேர்ல போடுங்கண்ணே" என்றான்.

போட்டிருக்கிறேன். பிள்ளைகளின் பெயரோ வழக்கு விவரமோ கேட்கவில்லை. பதிவு பெற்ற இல்லங்கள் எத்தனை, கடந்த ஒரு வருஷத்தில் ஆய்வுக் குழு போன தேதிகள் என்ன, ஒவ்வொரு தடவையும் டாக்டர் கூடப் போனாரா, அறிக்கை யாருக்கு அனுப்பப்பட்டது, இவ்வளவுதான் கேள்விகள். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். வந்தால் இங்கே போடுகிறேன். வராவிட்டால் மேல்முறையீட்டு மனுவின் நகலைப் போடுகிறேன். பிற மாவட்டத்துக்காரர்கள் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி அனுப்பிக்கொள்ளலாம்.